தேசப்பனின் சிலிண்டரை நான் பளபளப்பாக்கிய கதை

ஒருவர்மேல் காதல் வந்துவிட்டால் அவருக்கு எதையாவது துடைத்துக் கொடுக்கவேண்டும் என்று தோன்றிவிடுகிறது. எனக்குத் தோன்றிய நேரத்தில் கையில் கிரைண்டிங் மெஷின் இருந்தது.

திருவொற்றியூரில் என் அண்ணன் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருந்தார். பில் போடுவது என் வேலை. கப்பல்களுக்கு அடியில் முங்கிப் பாசி சுரண்டும் தேசப்பன் (பெயரைப் பார்த்துக் கிழவர் என்று நினைக்கவேண்டாம், இருபத்தாறு வயசு) அங்கே அடிக்கடி வருவான். அவனிடம் நான் காதலைச் சொன்னதில்லை. அவனுக்கு டீ மட்டும் சொல்வேன்.

அந்தமானில் முக்குளிக்கக் கற்றுத்தரும் வேலை அவனுக்குக் கிடைத்தது. கொண்டுபோக, முதுகில் மாட்டும் பழைய இரும்புச் சிலிண்டர் ஒன்றை வாங்கினான். சோதனை செய்து சான்றிதழ் வாங்கினால்தான் அதில் காற்று நிரப்புவார்களாம்.

"கஜா, நாளிக்கு எனுக்குக் கப்பல்ல வேல கீது. நீ டெஸ்ட்டுக்கு எட்துகினு போறியா?"

அவன் முடிக்கும் முன்பே தலையாட்டினேன்.

அழுக்காகவா கொண்டுபோவது? கழுத்துப் பக்கம் என்னென்னவோ எழுத்தும் எண்ணும் வெட்டி, இடுக்கெல்லாம் துரு. அரை நாள் மெஷினைப் பிடித்துத் தேய்த்து, வழவழப்பாக்கி, மஞ்சள் பெயின்ட் அடித்தேன்.

மறுநாள் ஷேர் ஆட்டோவில், மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு எண்ணூர் போனேன். சோதனை நிலையத்து அதிகாரி டார்ச் அடித்து இரண்டு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னாம்மா, மொட்டையா கீது? நம்பர் எங்க?"

"துரு புடிச்சிருந்துச்சு சார். தேச்சிட்டேன்."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். எப்போது செய்தது, எவ்வளவு அழுத்தம் தாங்கும், கடைசியாக எப்போது சோதித்தது, எல்லாம் அந்த எழுத்தில்தான் இருந்ததாம்.

"உன் மூஞ்சி, கைரேக எல்லாத்தியும் தேச்சிட்டுப் போயி ஆதார் கேட்டா குடுப்பாங்களா? இரும்பு வேற மெலிஞ்சிபோச்சு. காத்து ரொப்புனா வெடிக்கும். அறுத்து எடைக்குப் போட்ரு."

"அப்போ அவரு அந்தமான் போவமுடியாதா சார்?"

கேட்கும்போது என் குரலில் ஒரு துளி சந்தோஷம் எட்டிப்பார்த்தது. (இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.)

"சிலிண்டருதாம்மா போவாது. ஆளு போலாம்."

சாயங்காலம் டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் தேசப்பனிடம் விஷயத்தைச் சொல்லி அழுதேன். அவன் சிலிண்டரின் கழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே, "நான் போவக்கூடாதுன்னு பண்ணியா?" என்றான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கவேண்டும். "இல்ல, சுத்தமா இருக்கட்டும்னு..." என்று இழுத்தேன். அவன் சிலிண்டரை ஒரு சுற்று உருட்டிப் பார்த்தான். "பெயின்ட் நல்லாத்தான் கீது," என்று சொல்லி, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். அடுத்த மாதம் கப்பலேறிவிட்டான். அங்கே அவர்களே வேறு சிலிண்டர் கொடுத்தார்களாம்.

கதை எங்கள் குடும்பம் முழுக்கத் தெரியும். டீ சொன்ன பகுதி மட்டும் தெரியாது. அம்மா வீட்டுச் சீதனமாக வந்த பேர் வெட்டிய பாத்திரங்களைச் சாயங்காலம் நான் தேய்க்க உட்கார்ந்தால் என் கணவர் தவறாமல் ஆரம்பிப்பார்: "பாத்துத் தேயி கஜா, அப்புறம் யாரு வூட்டு சொம்புன்னே தெரியாது." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்நேரம் இங்கே வெயில் இன்னும் இறங்கியிருக்காது. அந்தமானில் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிவிடுமாம். தேசப்பன் இந்நேரம் கரையேறியிருப்பான் என்று நினைத்துக்கொண்டே சொம்பைக் கழுவிக் கவிழ்ப்பேன்.