தண்ணீர் வராத இணைகோடு

அந்தமான் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் 'பேரலல்' சாரைப் போல ஒரு கிறுக்கு கிடைக்காது. மரைன் ஹில் சரிவில் எங்கள் வீட்டுக்குக் கீழே அடுத்த வீடு. ஹேடோ துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பர். நிஜப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் அந்த ஆளுக்குத் தாங்காது. ஆபீஸ் மேஜைகளைச் சுவருக்கு இணையாகத் திருப்பிப் போடுவார். போகட்டும். ஒரு சாவு வீட்டில், மாலையும் கையுமாக வந்தவர், பாடை கோணலாக இருக்கிறதென்று கால்மாட்டைப் பிடித்து இழுத்துவிட்டார்! அழுதுகொண்டிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மூத்த மகன் கையை ஓங்கினான்.

"இருப்பா, இன்னும் ரெண்டு இஞ்ச்" என்றார்.

இந்த ஆளிடம்தான் நான் போய் மாட்டினேன். பிரசவம் முடிந்து மனைவி குழந்தையோடு வீட்டுக்கு வரவேண்டும். புதுத் தொட்டி தயார், பைப் இல்லை. பிளம்பரோ மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறிவிட்டான்.

"நான் போட்டுத் தர்றேன் தம்பி, டென்ஷன் மத் லோ, கவலையே வேணாம்" என்றார் பேரலல்.

கட்டம் போட்ட தாளை விரித்தார். ரோட்டில் சாய்வாகப் போகும் மெயின் பைப் y = 2x + 1. என் தொட்டி (3, 4) என்ற புள்ளி.

"சாய்வு ரெண்டு. அதைத் தொடவே கூடாது. கடைசி எண் c மட்டும்தான் மாறும். தொட்டிப் புள்ளியை அதுல போடுங்க. நாலு சமம் ரெண்டு இன்ட்டு மூணு பிளஸ் c. c எவ்வளவு?"

"மைனஸ் ரெண்டு. தண்ணி வருமா சார்?"

"y = 2x − 2! அழகைப் பாருங்க தம்பி!"

நான் டூட்டி முடிந்து திரும்புவதற்குள் பைப் போட்டாகிவிட்டது. நூல் பிடித்த மாதிரி இருந்தது. மனைவியும் குழந்தையும் வந்த அன்று மாலை தண்ணீர் விட்டார்கள். தெருவில் எல்லார் தொட்டியும் நிரம்பியது. எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"அரே, உங்க டேங்க்ல பானியே விழலியே!"

ஓடினேன். பைப்பின் ஒரு முனை தொட்டிக்குள். மறுமுனை வேலியோரம் மண்ணுக்குள், சும்மா கிடந்தது. பேரலலும் பின்னாலேயே வந்துவிட்டார்.

"யோவ், மெயினோட எங்கய்யா சேர்த்தீரு?"

"சேர்க்கிறதா? பேரலல் தம்பி அது! ஜிந்தகி பூரா சேராது!"

பெருமையாகச் சொல்லிவிட்டார். அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. முகம் செத்துப்போனது. உள்ளே பச்சைக் குழந்தை வீறிட்டது. குடத்தில் ஒரு சொட்டு இல்லை.

"படிச்ச ஆளாய்யா நீரு? போய்யா வெளியே!"

போய்விட்டார்.

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் இரண்டு கேன் தண்ணீர். தன் வீட்டுத் தொட்டியிலிருந்து மொண்டு, மூச்சு வாங்க மேடேறி, அடுத்த இரண்டு கேனைத் தூக்கி வந்துகொண்டிருந்தார். அதிலும் அந்தப் பாழாய்ப்போன பைப்புக்கு இணையாகவே நடந்து! பிளம்பர் திரும்பி வந்து மெயினோடு சேர்க்கும்வரை ஒரு நாள் தவறவில்லை.

எங்கள் வீட்டில் என் மகளின் முதல் குளியல் அந்த ஆள் சுமந்த தண்ணீரில்தான். அன்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாசலுக்குப் போனேன்.

"சாப்பிட்டீங்களா சார்?" என்றுதான் வாயில் வந்தது.