இரண்டு மாப்பிள்ளையும் ஒரு மின்னஞ்சலும்

கணினித் திரையில் எந்தப் பெட்டி எழும்பினாலும் படிக்காமலே 'ஓகே' அமுக்குகிற ரகம் நான். அந்த விரல் ஒருமுறை என் அக்காவின் கல்யாணத்தையே ஆட்டி வைத்தது.

இரண்டாயிரங்களின் கடைசி. திருத்தணியில் எங்கள் வீட்டுக்குக் கணினி வந்த புதிது. கடிதப் போக்குவரத்துக்கு நான்தான் மந்திரி. அக்காவுக்கு இரண்டு வரன்கள்: ஒருவர் திருவாலங்காட்டுக்காரர், பெங்களூரில் வேலை, இன்னொருவர் அரக்கோணம்.

"ஒண்ணு முடியற வரைக்கும் இன்னொண்ண உடாத. ரெண்டு பேருக்கும் நல்லதாவே எழுதிகினு இரு" என்றார் என் அப்பாவான நைனா.

எழுதினேன். 'தங்கள் சம்பந்தம் ஒன்றையே மனதில் வைத்திருக்கிறோம். மலைமேல் இருப்பவன் சித்தமும் அதுவே.' (இருவருக்கும் ஒரே கடிதம். பெயர் மட்டும் மாறும்.)

இதற்குள் பெங்களூர்க்காரர் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து அக்கா காய் நறுக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

ஒரு காலை மின்னஞ்சலைத் திறந்தேன். ஏதோ வரவேற்புப் பெட்டி. நீல நிறத்தில் பெரிய 'ஓகே'; எறும்பு அளவில் 'இப்போது வேண்டாம்'. அமுக்கிவிட்டுக் குளிக்கப் போனேன்.

மாலையில்தான் தெரிந்தது. மின்னஞ்சல் கம்பெனி புதிதாக நட்பு வட்டம் தொடங்கி, நான் அடிக்கடி எழுதுகிறவர்களை அதில் தானாகவே சேர்த்து, ஊரே பார்க்கும்படி பட்டியல் போட்டிருந்தது. முதலிடம் பெங்களூர் மாப்பிள்ளை. அடுத்து அரக்கோணம் மாப்பிள்ளை. இருவரும் புகைப்படத்தோடு. (என்னைக் கேட்காமல் எப்படி என்று கொதித்தேன். மலைமேல் இருப்பவனும் அதையே கேட்டிருக்கலாம்.)

அணைக்கிற பொத்தானைத் தேடினேன். செட்டிங்ஸுக்குள் செட்டிங்ஸ். ஒரு வழியாகக் கண்டுபிடித்தபோது போன் அடித்தது.

"தம்பி, உன் லிஸ்ட்டப் பாத்துட்டு அரக்கோணத்துக்காரருக்கு எழுதிக் கேட்டேன். அவருக்கு நீ எழுதின லெட்டர அனுப்பி வெச்சார், இப்பதான் படிச்சேன். என்னோடதும் அதேதான், கமா உட்பட" என்றார் பெங்களூர்க்காரர். "முருகர் ரெண்டு பேருக்கும் ஓகே சொல்லிட்டாரா?"

"ஆங்... அது... டீஃபால்ட்டா வந்துட்டுதுங்க."

"எது? பொய்யா?"

அக்கா ரிசீவரைப் பிடுங்கினாள். "ரெண்டு வரன் வந்தது நெஜம்ங்க. எனக்கு உங்களப் புடிச்சிருக்குன்றதும் நெஜம். மத்ததெல்லாம் இந்த எருமை எழுதினது."

வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு ரிசீவரை வைத்தாள். "யோசிச்சு சொல்றாராம்."

மூன்று நாள் யோசித்தார். மூன்று நாளும் அக்கா சிரிக்கவில்லை. எனக்குச் சோறு போடும்போது தட்டு அதிர்ந்தது. நைனாவோ, உத்தரவு போட்டது வேறு யாரோ என்பதுபோல, "உன்ன யார்ரா அத அமுக்கச் சொன்னது?" என்று வேளைக்கு ஒருமுறை கேட்டார்.

நான்காம் நாள் பதில் வந்தது, அக்காவுக்கு மட்டும்: "சம்மதம். இனிமே நீயே எழுது."

கல்யாணத்துக்கு அரக்கோணத்துக்காரரும் வந்தார், மாப்பிள்ளைத் தோழனாக. கடிதங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் இருவரும் அவ்வளவு நெருங்கியிருந்தார்கள்.

இன்றைக்கும் அக்கா வீட்டுக்காரரான பாவாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினால், முதலில் அரக்கோணத்துக்கு ஒரு போன் போட்டு, "உனக்கும் இதேதான் வந்துதா?" என்று விசாரித்துவிட்டுத்தான் எனக்கு நன்றி சொல்கிறார்.