நம்பர் அக்காவுக்கு வந்த வியாதி

நம்பர் அக்காவைப் போல ஆரோக்கியமான ஒரு நோயாளியைக் கண்டி மாநகரம் இதுவரை கண்டதில்லை. வாரத்தில் மூன்று நாள் டிஸ்பென்சரிக்குப் போவார். இரண்டு மணி நேரம் காத்திருப்பார். டொக்டரைப் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்புவார். இப்படியே எட்டு மாதம்.

நாங்கள் இருவரும் நகரத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் எதிரெதிர் மேசை. அக்காவுக்குக் குண்டசாலையில் வீடு. வீட்டில் கணவர், மாமியார். ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே அக்காவின் ஆசை. நாற்பத்தாறு வயதாகியும் அது முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. அக்கா நன்றாக எழுதுவார் என்பது ஊருக்கே தெரிந்ததுதான் வினை. கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், ஓய்வுபெறும் மனேஜருக்கு வாழ்த்துமடல், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு, எல்லாம் அவரிடமே வந்தன. நானும் குற்றவாளிதான். என் லீவுக் கடிதங்களை அவர்தான் எழுதுவார். பல்வலிக்கு அவர் எழுதித் தந்த கடிதத்தை வாசித்து மனேஜர் கண்கலங்கி, ஒரு நாள் கேட்ட எனக்கு மூன்று நாள் கொடுத்தார்.

வீட்டுக்குப் போய்க் கொப்பியைத் திறந்தால் கணவரின் காலுறை காணாமல் போகும். மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை ஞாபகம் வரும். கேஸ் தீர்ந்துவிடும். வட்ஸ்அப்பில் எந்த நேரமும் யாராவது பிறந்துகொண்டே இருப்பார்கள், வாழ்த்தாவிட்டால் கோபிப்பார்கள். மாதா கோயிலில் போய் அமைதியாக உட்கார்ந்தார். பூசையில் வாசகம் வாசிக்க ஆளில்லை என்று எழுப்பிக்கொண்டு போய்விட்டார்கள். வாவிக்கரைக்குப் போனார். கூடப் படித்த ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் புருசனைப் பற்றி ஒரு முழு நாவலையே சொல்லி முடித்தாள்.

அப்போதுதான் அவருக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது. குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிஸ்பென்சரி. கிடைத்த நம்பர் ஐம்பத்தெட்டு. இரண்டு மணி நேரம் கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து போன்கூட வரவில்லை. நோயென்று வந்த வருத்தக்காரியை யார் தொந்தரவு செய்வார்கள்? அந்தக் காய்ச்சலோடு ஆறு பக்கம் எழுதினார்.

காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது. அக்கா போவதை நிறுத்தவில்லை. ஆபீஸ் முடிந்ததும் நேரே அங்கே போய் நம்பர் எடுப்பார். தன் முறை நெருங்கினால், பின்னால் குழந்தையோடு நிற்கும் யாருக்காவது அதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுப்பார். அந்த வட்டாரத்திலேயே மிக இரக்கமுள்ள பெண் என்று பெயரும் வாங்கிவிட்டார். பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுத்தால் ஒரு இருமல். அதற்கும் அசையாதவருக்கு இரண்டு.

ஒரு நாள் மழை. ஆளே இல்லை. டொக்டர் வெளியே எட்டிப் பார்த்து அவரைக் கையோடு உள்ளே கூட்டிப் போய்விட்டார். பிரஷர் சரி, நாடி சரி, நெஞ்சு சரி. எத்தனை நாளாக இந்த வருத்தம் என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது.

"பன்னெண்டாம் அத்தியாயத்திலிருந்து டொக்டர். அந்தப் புள்ள பஸ் ஏற மாட்டேங்குது."

டொக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்தார். பிறகு விற்றமின் எழுதிக் கொடுத்தார்.

இதையெல்லாம் அக்கா என் ஒருவனிடம் மட்டும்தான் சொன்னார். ஆனால் கோயில் ஜெபக் குழுவில் இருந்த ஒரு பெண், ஒரே வாரத்தில் இரண்டு தரம் அவரை டிஸ்பென்சரியில் கண்டுவிட்டார். விசயம் மாமியார் காதுக்குப் போனது. மூன்று நாளைக்குள் அது குணமாகாத வியாதி ஆகிவிட்டது.

வீடு திடீரென்று மாறியது. கணவர் தன் காலுறையைத் தானே தேடிக்கொண்டார். மாமியார் சமையலறைக்குள் அக்காவை விடவில்லை. பத்திய ரசம் வைத்துக் கொடுத்து, போய்ப் படு என்றார். காரணம் தெரியாமல் அக்கா அறைக்குள் போய் எழுதித் தள்ளினார். இரண்டு வாரத்தில் ஐந்து அத்தியாயம். காரணம் தெரிந்த பிறகும் நாலு நாள் சும்மா இருந்ததாக என்னிடம் ஒப்புக்கொண்டார். இன்னும் மூன்றே மூன்று அத்தியாயம்தான் பாக்கி, வாயை மூடிக்கொண்டிருந்தால் முடித்துவிடலாம். அந்த நாலு நாளும் சாப்பாடு இறங்கவில்லையாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவருக்காக வீட்டில் ஜெபக் கூட்டம் வைத்தார்கள். ஃபாதர் வந்திருந்தார். முப்பது பேர் இருக்கும். ஆபீஸ் சார்பில் நான் ஒரு கிலோ திராட்சையோடு மூலையில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் எழுந்து, மருமகளுக்காக வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிடாமல் ஒருசந்தி இருப்பதாகச் சொல்லி அழுதார். அதைக் கேட்டதும் அக்கா எழுந்து நின்றார்.

தனக்கு ஒரு வருத்தமும் இல்லை, டிஸ்பென்சரிக்குப் போனது நாவல் எழுத, மாமியாரை அழவைத்தது பெரிய தப்பு, மன்னிக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். வியாதி இல்லை என்றதில் யாருக்கும் சந்தோசம் வந்ததாகத் தெரியவில்லை. ஏமாற்றிவிட்டாளே என்ற முகங்கள்தான். ஒரு கதைக்காகவா இவ்வளவு என்று கணவர் கேட்டார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாங்க, கதைக்குத்தான். வியாதின்னதும் வீட்டையே எனக்கு விட்டுக் குடுத்தீங்க. கதைன்னு கேட்டா அஞ்சு நிமிசம் குடுத்திருப்பீங்களா? அழ வச்சதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டேன். எழுதுனதுக்குக் கேக்க மாட்டேன்."

கூட்டம் மெதுவாகக் கலைந்தது. போகும்போது ஃபாதர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். கண்டிக்கப் போகிறார் என்று நினைத்தேன். திருவிழா மலருக்கு ஒரு வாழ்த்துரை எழுதித் தர முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார். நாவல் முடியட்டும் ஃபாதர் என்றார் அக்கா.

மறுநாள் முதல் டிஸ்பென்சரி இல்லை. வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எல்லார் கண்ணுக்கும் முன்னால், கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு எழுத உட்கார்ந்தார். கணவர் முதல் வாரம் முறைத்தார். இரண்டாம் வாரம் தேங்காய் துருவப் பழகினார். மாமியார் மட்டும் பதினைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினாறாம் நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, அந்தப் புள்ள கடைசியில் பஸ் ஏறிச்சா என்று கேட்டார், கொப்பியைப் பாதிவரை களவாக வாசித்திருக்கிறார். ஏறிவிட்டது என்றார் அக்கா. அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ மனு எழுத வந்தபோது மாமியார் கேற்றிலேயே மறித்துவிட்டார். "மருமக வேலையா இருக்கா. நாளைக்கு வாங்க." மறுநாளும் அதையே சொன்னார்.

நாவல் முடிந்தது. ஒரு சின்ன அச்சகத்தில் அச்சாகியும் வந்தது. யார் யார் வாசித்தார்கள் என்று தெரியாது. நான் இரண்டு தரம் வாசித்தேன். ஆபீசில் அவருக்கு நம்பர் அக்கா என்ற பெயர் நிலைத்தது, அவரும் கோபிக்கவில்லை. போன வருடம் கலகெதர கிளைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டாவது நாவலில் இருக்கிறார். நடுவில் ஒரு சொல் சிக்கினால் எனக்குத்தான் போன் எடுப்பார். நேரம் காலம் பார்ப்பதில்லை.

இந்தப் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் நாலு தரம் எடுத்துவிட்டார். நாலு தரமும் பேனாவை வைத்துவிட்டுப் பேசினேன். ஐந்தாவது இன்னும் வரவில்லை, அதுதான் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.