பொட்டிக்குப் பனியன் தைத்த மணியன்

கமிஷன் அடித்தான் என்று மட்டும் சொல்லாதீர்கள். மண்ணரை பேக்கரி பெஞ்சில் டீ ஆறும் வரைக்கும் யாரை வேண்டுமானாலும் மென்று துப்புங்கள். ஆனால் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் வாங்கியதில் மணியன் ஒரு டீக்காசுகூடத் தொட்டதில்லை. அவன் திருடன் இல்லை. அவன் வேறு இனம்.

இந்த இனத்தை உங்களுக்கும் தெரியும். ஏதாவது நின்றுபோனால் போதும், இவர்கள் முகத்தில் ஒரு களை வந்துவிடும். குனிந்து பார்க்க மாட்டார்கள், தொட்டுப் பார்க்க மாட்டார்கள், இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துக் கண்ணைச் சுருக்கி, "போயிருச்சுங்க" என்பார்கள். எது போயிற்று? யாருக்குத் தெரியும்! "மாத்திப் பாத்தரலாமுங்க." அவ்வளவுதான் வைத்தியம்.

பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. சாரதாமணி தன் கம்பெனியில் ஏற்றுமதிச் சரக்குக்குப் பேக்கிங் லிஸ்ட் அடிக்க ஒரு பொட்டி வாங்கிக் கண்ணாடி அறையில் வைத்து, அறைச் சாவியையும் பொட்டியின் பொறுப்பையும் மணியனிடம் கொடுத்தார். சாவி இடுப்பில் தொங்கிய அன்றே கட்டிங் மாஸ்டர்கூட அவனை 'வாங்க, போங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்த ஒரு 'ங்க'வுக்காக மணியன் எதையும் செய்வான். செய்தான்.

பஞ்சுத்தூசி பறக்கிற இடமாயிற்றே, பொட்டிக்கு ஆகாதே என்று, அதற்கு ஒரு பனியன் தைத்துப் போட்டான். கப்பலேறுகிற துணியில், கழுத்துக்கு ரிப் வைத்து, ஒயர் வெளியே வர இரண்டு கை வைத்து, நெஞ்சில் கம்பெனி லேபிளும் வைத்து, முதுகை முழுக்க மூடி. பொட்டியின் காற்றாடி மூச்சு விடுகிற ஓட்டையும் அந்த முதுகில்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாம், "கொழந்தையாட்ட வெச்சிருக்கீங்க" என்று மெச்சினார்கள். மறுநாளிலிருந்து பொட்டி மயங்கி விழ ஆரம்பித்தது.

கீபோர்டை மாற்றினான். திரை உறைந்தது. மானிட்டரை மாற்றினான். புது மானிட்டரில் இன்னும் பளிச்சென்று உறைந்தது. பவர்கட்டின்மேல் பழி போட்டு யூ.பி.எஸ். வாங்கினான், ஹார்டு டிஸ்கை மாற்றினான். கோயம்புத்தூர்க் கடைக்காரர், "என்னங்க கோளாறு?" என்று கேட்டால், "அது கெடக்குதுங்க, இருக்கறதுல ஒசந்ததாக் குடுங்க" என்பான். ஒசந்ததைக் கண்டால் நோய் பயந்து ஓடிவிடுமாம்! ஒவ்வொரு தரமும் பனியனைக் கழற்றுவான், புது பார்ட்டைப் போடுவான், பொட்டி சிலுசிலுவென்று ஓடும், பூரித்துப்போய்ப் பனியனை மறுபடி மாட்டிவிடுவான்.

கடைசியில் சாரதாமணி சொல்லிவிட்டார்: "மணியா, இந்தச் சரக்குக்கு லிஸ்ட் வரலைன்னா சாவியைக் குடுத்துரு சாமி."

சரக்கு ஏறுகிற நாளும் வந்தது. காலையில் மணியன் ராம் என்கிற மெமரிச் சில்லை மாற்றினான். கழற்றிப் போட்ட பனியனைச் செக்கிங் மயிலாள் பார்த்துவிட்டாள். வேலையே கறை பார்ப்பது, விடுவாளா?

"ஏனுங்க மணியண்ணா, இத்தனை அழுக்கோட ஒரு பனியனா? வெளியூர்ப் பார்ட்டி பாத்தா நம்ம மானம் என்னத்துக்கு ஆகறது?"

அலசக் கொண்டுபோய்விட்டாள். மதியம் வரைக்கும் பொட்டி ஒரு தும்மல் போடவில்லை. மணியன் சாரதாமணியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாத்தீங்களாக்கா? ராமுங்க! நான் அப்பவே சொன்னனுங்களே!"

அப்போது அவன் சொன்னது மதர்போர்டு. அது கிடக்கட்டும்.

லிஸ்ட் கடைசிப் பக்கத்துக்கு வருகிற நேரம், பனியன் காய்ந்து அயர்ன் ஆகி வந்தது. மணியன் அதை மரியாதையாக உடுத்திவிட்டான். சற்று நேரத்தில் பொட்டி கண்ணை மூடிக்கொண்டது. வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

சாரதாமணி பனியனுக்குள் கையை விட்டுப் பார்த்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அயர்ன் பாக்ஸாட்ட கொதிக்குதுப்பா. அதுக்கு வேர்க்குது. இதைக் கழட்டி உடு."

"இல்லீங்கக்கா, மதர்போர்டுங்க. மாத்திப் பாத்தரலாமுங்க."

"பனியன்தான்னு ஒரு வார்த்தை சொல்லீரு கண்ணு. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

எவ்வளவு சுலபம் பாருங்கள்! ஒரு வார்த்தை, சாவி மிஞ்சும், 'வாங்க போங்க' மிஞ்சும். ஆனால் சொல்லிவிட்டால், இத்தனை நாள் பிடுங்கிப் போட்டதெல்லாம் நல்ல பார்ட் என்று ஆகிவிடுமே! அதை இந்த இனம் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் உண்டா?

மணியன் சாவியை மேசையில் வைத்தான். பனியனைக் கழற்றினான்; தோற்றுப்போய் அல்ல, அது தன் உடைமை என்று. பேக்கிங் மடிப்பாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். சற்று ஆறியதும் சாரதாமணி சுவிட்சைத் தட்டினார். பொட்டி கண் விழித்து மிச்ச லிஸ்டையும் அடித்தது. மணியன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கமிஷன் அடிக்கிறவன் இப்படியா போவான்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு டி.வி.க்குப் பூப்போட்ட உறை தைத்து மாட்டியிருக்கிறீர்களே, படம் அலைந்தால் அதை ஒருதரம் தூக்கிப் பார்த்ததுண்டா? இல்லை, ஆண்டெனாவை மாற்றினீர்களா?

அன்றைக்கு மணியன் வெளியே போகையில் கதவு கிறீச்சென்றது. நின்றான். இரண்டடி தள்ளிப் போய்த் தலையைச் சாய்த்தான்.

"கதவு போயிருச்சுங்கக்கா. மாத்தீருங்க."

சொல்லிவிட்டுத்தான் போனான்.