ஜெயித்துத் தொலைத்த விவாதம்

பேரன்புக்குரிய மச்சினர் அவர்களுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், அதாவது உடம்பளவில் நலம். உங்கள் வீட்டில் மனதளவிலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் போனை எடுத்தாலே உங்கள் அக்காவும் உங்கள் மருமகளான என் மகளும் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். அதனால் ஆபீஸில் பார்சல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கல்லூரியில் மாதிரி அரசாங்க மாநாடு நடக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மந்திரிகளாகவும் எதிர்க்கட்சியாகவும் உட்கார்ந்து பேசுவார்கள், “பிள்ளைய அனுப்புங்க அத்தான், தைரியம் வரும்” என்றீர்கள். வந்தது. எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. பஸ்ஸில் “இறங்கணும்” என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கடைசி நிறுத்தம் வரை போய் நடந்து திரும்புகிற வாயில்லாப் பூச்சியைத்தான் நான் அனுப்பினேன். திரும்பி வந்தது சுகாதார மந்திரி. வந்த அன்றே சாப்பாட்டு நேரத்தைக் கேள்வி நேரம் ஆக்கிவிட்டாள். குளியலறைக் குழாய் ஏன் ஒழுகுகிறது என்று கேட்டாள். பிளம்பர் வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். “துணைக் கேள்வி. அவர்கிட்ட நீங்க சொன்னீங்களா இல்லையா?” என்றாள். நான் சொல்லவில்லை, மச்சினரே. இது இத்தனை நாள் எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சத்தம் போட வந்த வீட்டுக்காரரிடம், “உங்களுக்கான நேரம் முடிஞ்சது, உட்காருங்க” என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பி அனுப்ப நான் காபி கொடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் அக்காவைச் சபாநாயகர் ஆக்கியிருக்கிறாள். அவளும் அதற்கென்றே பிறந்தவள் போலக் கரண்டியால் பாத்திர மூடியைத் தட்டி என்னை அடக்குகிறாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். விஷயம் வேறு. அவளுக்கு நில அளவைப் படிப்புக்கு வெளியூர் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, விடுதியில் தங்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றேன். “சபையில வைக்கலாம்பா” என்றாள். உங்கள் மாநாட்டு விதிப்படி யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்களாம், சொந்த அபிப்பிராயத்துக்கு அங்கே வேலையில்லையாம். குலுக்கினோம். ‘போகலாம்’ எனக்கு வந்தது, ‘வேண்டாம்’ அவளுக்கு. சிரித்துக்கொண்டே எழுந்தேன், நான் தோற்றால் நான் நினைத்தது நடக்கும் அல்லவா. அவள் ஆரம்பித்தாள். “அப்பாவுக்கு மாத்திரை யாரு எடுத்துக் குடுப்பா? அம்மா கோவத்துல பேசாம இருந்தா அவர் யாருகிட்ட பேசுவார்?” என்று ஏதோ பேசினாள். நோஞ்சான் வாதம். இதற்குப் பதில் சொல்லாமல் எப்படி இருப்பது? “சபாநாயகர் அவர்களே, இவளை இங்கேயே வெச்சுக்கிட்டா என்னை மாதிரி ஆயிடுவா. நான் சேர்ந்த நாள்லருந்து ஒரே மேஜை. மேனேஜர் தப்பா கணக்குப் போட்டாக்கூட சரிங்க சார்னுதான் சொல்லியிருக்கேன். இவ சரிங்க சார் சொல்லி வாழ வேண்டாம்” என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. குரல்கூட என்னுடையது மாதிரி இல்லை. உங்கள் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மூடியைத் தட்டி, அரசுத் தரப்பு, அதாவது நான், வென்றது என்று அறிவித்தாள்.

வாழ்க்கையில் நான் ஜெயித்த முதல் வாக்குவாதம். எழுந்து குதித்தேன், மகளுக்குக் கைகூடக் கொடுத்தேன். கை கழுவப் போனபோதுதான் எதை ஜெயித்திருக்கிறேன் என்று உறைத்தது. யோசித்துப் பார்த்தால், கழுதை வேண்டுமென்றே தோற்றிருக்கிறாள். பேச்சு மாறினால் அப்பன் மரியாதை என்ன ஆவது? ஆகவே, கெடுத்தவர் நீங்கள்தான், வியாழக்கிழமைக்குள் வந்து, தாய்மாமன் என்ற முறையில் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அவள் இல்லாமல் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது. வீட்டில் அனைவருக்கும் என் அன்பும், குழந்தைகளுக்குக் குறைவாகப் பேசிக்கொண்டு நிறைவாக வாழ ஆசிகளும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் மனது கேட்காமல், வீட்டுக்கு வந்து அவளிடமே கேட்டுவிட்டேன், வேணும்னுதானே தோத்தே என்று. தலையைக் குனிந்துகொண்டாள், பழைய மாதிரி. “இல்லப்பா. தோக்கணும்னுதான் ஆரம்பிச்சேன். பாதியிலேயே நிஜமாயிடுச்சு. உங்கள விட்டுட்டுப் போக எனக்கு பயமா இருக்கு. போகலன்னு எழுதிப் போட்டுடறேன்” என்றாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது, மச்சினரே, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. அவசியம் வாருங்கள், வியாழன் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே வாருங்கள். வந்து அவளைப் போகச் சொல்லுங்கள். என்னால் சொல்ல முடியாது. இனிமேல் எந்தச் சீட்டு வந்தாலும் எனக்குப் போகாதே என்றுதான் வாயில் வரும்.