நாடோடி நாக்கும் நனைந்த ரொட்டியும்

ஞாயிற்றுக்கிழமை காலை. ரயில்வே பிளாட்பாரத் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு நின்றார் கமா. பையில் ஒரு பிளாஸ்க் பால், நாலைந்து துண்டு ரொட்டி. வயிற்றில் ஒரு புண். மனசில் ஒரே ஒரு பிரார்த்தனை: எடிட்டர் அம்மாவுக்கு இன்றைக்குக் காய்ச்சல் வரவேண்டும். பெரிசாக வேண்டாம், வீட்டில் படுக்கிற அளவுக்கு வந்தால் போதும்.

காய்ச்சல் வரவில்லை. எடிட்டர் அம்மாதான் வந்தார். முகத்தில் பாதியை மறைத்த கறுப்புக் கண்ணாடி, மீதியை மறைத்த சால்வை. வானமோ மூடிக் கிடந்தது.

"என்ன மேடம், கண்ணுல ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல. சாப்பாட்டுக் கடைக்கு ஆளுக்குத் தெரியாமத்தான் போகணும்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?"

"ஆமா மேடம், எழுதியிருந்தேன்" என்றார் கமா. எழுதியது சத்தியம். போனதுதான் கிடையாது.

கமா ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்துபவர். எங்கேயாவது ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தாவது வைத்துவிட்டுப் போவார் என்பதால் ஆபீஸில் எல்லாருக்கும் அவர் கமா. வயிற்றுப் புண் வந்ததிலிருந்து அவருக்கு மூன்று வேளையும் பாலில் நனைத்த ரொட்டிதான். காரம் கூடாது, புளிப்பு கூடாது, எண்ணெய் கூடவே கூடாது. "அப்ப என்னதான் டாக்டர் பண்ணலாம்?" என்று கேட்டதற்கு, "சாப்பாட்டைப் பத்தி யோசிக்கலாம், அதுல தப்பில்ல" என்று சொல்லிச் சிரித்தார் டாக்டர். பாவி மனுஷன் விளையாட்டுக்குச் சொன்னதைக் கமா நிஜமாகவே எடுத்துக்கொண்டதுதான் இத்தனை வில்லங்கத்துக்கும் காரணம்.

பிழை திருத்த இனிமேல் கம்ப்யூட்டரே போதும் என்று முதலாளி முணுமுணுக்க ஆரம்பித்திருந்த நேரம் அது. பத்திரிகையில் புதிதாக ஒரு பகுதி போடுவதாக இருந்தது. புறநகர் ரயில் பாதையில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வேறு வேறு தேசத்துக்காரர்கள் குடியேறி, அவரவர் ஊர்ச் சாப்பாட்டுக் கடையைத் திறந்து வைத்திருக்கிறார்கள் அல்லவா? ரயிலேறிப் போய் அதையெல்லாம் ருசித்து எழுத வேண்டும். "அந்த ரயில்ல தினமும் போறது யாருப்பா?" என்று எடிட்டர் அம்மா கேட்டார். வேலை தப்பித்தால் போதும் என்று கமா கையைத் தூக்கிவிட்டார்.

தூக்கிய பிறகுதான் வயிறு ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் மனிதர் அசரவில்லை. சாயங்கால ரயிலில் கதவோரம் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறக்கும்போது ஒவ்வொரு நாட்டு அடுப்பங்கரை வாசனை ஏறும். கூடவே சாப்பிட்ட வாயோடு ஆட்கள் ஏறுவார்கள். அவர்களைப் பிடித்துக்கொள்வார். "நல்லா இருந்துச்சுன்னா எப்படி நல்லா இருந்துச்சு? பல்லுல ஒட்டுச்சா, நாக்குல கரைஞ்சுதா? முதல்ல இனிச்சுதா, முழுங்கினப்புறம் இனிச்சுதா?" என்று வக்கீல் மாதிரி கேட்டு, வீட்டுக்குப் போய், பால் ரொட்டியைக் கடித்துக்கொண்டே எழுதுவார். 'நாடோடி நாக்கு' என்று தலைப்பு. பெயர் போடாமல் வரும். வாசகர்கள் அதைப் படித்துவிட்டு ரயிலேறிப் போனார்கள். கமாவின் வேலையும் நிலைத்தது.

அப்படி இருந்தபோதுதான் முதலாளி இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"கடைசி ஸ்டேஷன் மிளகாய்க் குழம்புக் கடைக்காரர் போன் பண்ணாரு. 'உங்க நாடோடி நாக்கு வாராவாரம் எங்க கடைக்கு வர்றாங்க, காசே வாங்காம விருந்து வச்சு, பார்சலும் கட்டிக் குடுக்கறோம், மறுபடியும் எங்களைப் பத்தி எழுதுவாங்களா'ன்னு கேக்கறாரு. ஓசிச் சோறா? என் பத்திரிகை பேரைச் சொல்லியா?"

அந்தக் கடை வாசலைக்கூட நான் மிதித்ததில்லை ஐயா என்று கத்த வேண்டும்போல இருந்தது கமாவுக்கு. அதுதான் உண்மை. அதைச் சொன்னால் ஓசிச் சோற்றுப் பழி போய்விடும், கூடவே வேலையும் போய்விடும். போகாத கடையைப் பற்றி இத்தனை நாள் எழுதினவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

"ஞாயித்துக்கிழமை எடிட்டர் அம்மா இவரை, எழுதின கடைக்கெல்லாம் கூட்டிட்டுப் போங்க. கடைக்காரங்க முன்னால நிறுத்தி, இந்த ஆள்தானான்னு கேட்டுட்டு எனக்குச் சொல்லுங்க. ஆமான்னு சொன்னா திங்கக்கிழமையிலேருந்து இவர் வர வேண்டாம்."

"நானா?" என்று திடுக்கிட்டார் எடிட்டர் அம்மா. "ஞாயித்துக்கிழமை எனக்கு வேற வேலை..."

"அப்படி என்ன வேலை?"

"எப்பவும் இருக்கறதுதான்" என்று இழுத்தார் அவர். முதலாளி விடவில்லை.

கமாவின் மனைவிக்கு மட்டும் எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது, "போற இடத்துல நாக்கை அடக்கிக்கோங்க. வயித்துக்கும் நல்லது, வேலைக்கும் நல்லது" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

முதல் கடை, இறைச்சியை மாவில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் கடை. ஸ்டேஷனை விட்டு இறங்கினால் எதிரிலேயே இருந்தது.

"அடடா, இன்னைக்கு லீவு போல இருக்கே மேடம்" என்றார் கமா.

கடைக்கு உள்ளே இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். எடிட்டர் அம்மா சால்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டு, "ஆமா, லீவு மாதிரிதான் தெரியுது. வாங்க, அடுத்த ஸ்டேஷன் போயிடலாம்" என்று திரும்பி நடந்தார். பார்வை இவ்வளவு மோசமான அம்மா எப்படித்தான் பத்திரிகை நடத்துகிறாரோ என்று கமாவுக்குக் கவலையாகக்கூட இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ரயிலில் ஏறி உட்கார்ந்தார்.

அடுத்த பெட்டியிலிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். கமாவின் 'நாடோடி நாக்கு' பகுதிக்கு முக்கால்வாசிச் சரக்கு அவள் கொடுத்ததுதான்.

"அண்ணா! நல்லவேளை பாத்தேன். அந்த ஆவிக் கடையில புதுசா ஒண்ணு போட்டிருக்காங்க, உள்ள கடிச்சா சூப்பு வருது! எழுதிக்கறீங்களா?"

"யாரு இவங்க?" என்றார் எடிட்டர் அம்மா.

"தங்கச்சி மேடம். தூரத்துச் சொந்தம்" என்று பதறினார் கமா.

நர்ஸ் வாயைப் பிளந்தாள். பிறகு கமாவின் கண்களைப் பார்த்தாள். ஊசிக்குப் பயப்படும் எத்தனையோ கண்களைப் பார்த்தவள் அவள். "ஆமா, தங்கச்சிதான்" என்றாள்.

"எந்த வழியில சொந்தம்?"

"அம்மா வழி" என்றார் கமா. "அப்பா வழி" என்றாள் நர்ஸ், அதே நேரத்தில்.

"ரெண்டு வழியிலயும்தான்" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

அதோடு இறங்கிப் போயிருக்கலாம் அந்தப் பெண். போகிற போக்கில் நல்லது செய்வதாக நினைத்து, "மேடம், அண்ணனுக்கு வயித்துல புண்ணு. பால் ரொட்டி தவிர எதுவும் ஆகாது. பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

எடிட்டர் அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கமாவின் பக்கம் திருப்பினார். "வயித்துப் புண்ணா? அப்ப அந்த மிளகாய்க் குழம்பைச் சட்டியோட வழிச்சுச் சாப்பிட்டேன்னு எழுதினது?"

"அதனாலதான் மேடம் புண்ணே வந்துச்சு! தொழில்ல பட்ட காயம்."

"ஐயோ பாவம். அப்ப இன்னைக்கு நீங்க எதுவும்..."

சாப்பிட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தார் அந்த அம்மா. முந்திரிக்கொட்டை கமா, சந்தேகம் வந்துவிடப் போகிறதே என்ற பயத்தில், "இப்ப சுத்தமா ஆறிடுச்சு மேடம்! கல்லைக் குடுத்தாலும் செரிக்கும்!" என்று மார்தட்டிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டாவது கடை, கையாலேயே மாவை இழுத்து இழுத்து நூடுல்ஸ் போடும் கடை. "நீங்க போய் முகத்தைக் காட்டிட்டு வாங்க. நான் இங்கேயே நிக்கறேன்" என்று பக்கத்துத் தையல்கடைச் சந்துக்குள் நுழைந்துகொண்டார் எடிட்டர் அம்மா. கமா உள்ளே போனார். மாவு இழுக்கிறவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "யார் வேணும்?" என்றார். கமா வெளியே வந்தார்.

"அடையாளம் தெரியலையாம் மேடம்! ஓசியில சாப்பிட்டது நான் இல்லன்னு ஆயிடுச்சா?"

"அது சரி. ஆனா இந்தக் கடையைப் பத்தி ரெண்டு தடவை எழுதியிருக்கீங்களே, எப்படி அடையாளம் தெரியாமப் போகும்?"

"மாறுவேஷத்துல போவேன் மேடம்."

"என்ன வேஷம்?"

"மீசை."

"உங்களுக்குத்தான் மீசை இருக்கே?"

"அது இல்லாம போவேன்."

"இருக்கற மீசையை எப்படிய்யா கழட்டுவீங்க?"

கமா மீசையைக் கையால் மறைத்துக்கொண்டார். அந்த அம்மா, "கடைசிக் கடையில உட்காந்து சாப்பிட்டுக் காட்டுங்க. எழுதினது நீங்கதானான்னு அதுல தெரிஞ்சுடும்" என்றார்.

கடைசி ஸ்டேஷன். மிளகாய்க் குழம்புக் கடை வாசலுக்கு வரும்போதே மூக்கு எரிந்தது. எடிட்டர் அம்மா சாலைக்கு எதிர்ப்புறம் நின்றுகொண்டார். "ஜன்னல் ஓர மேசையில உட்காராதீங்க, அடுப்புப் புகை அடிக்கும். தூணுக்குப் பின்னால இருக்கறதுல உட்காருங்க" என்றார்.

"உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

"நீங்கதானே எழுதியிருந்தீங்க."

எழுதியிருந்தேனா? தான் வைத்த காற்புள்ளிகளைக்கூட மறக்காத கமாவுக்கு இது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. யோசித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

பரிமாறும் பெண் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். குழம்பு சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"காரம் கம்மியா இல்லையாம்மா?"

"இது குழந்தைங்களுக்குப் போடறது சார்."

தூணைத் தாண்டி எட்டி, கண்ணாடிக் கதவு வழியாக எதிர்ப்புறம் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டு வாடகையையும் மனைவியையும் நினைத்துக்கொண்டு ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார்.

முதலில் லேசான இனிப்பு. பிறகு வறுத்த எள்ளின் மணம். அதற்கும் பின்னால் எலும்பில் ஊறிய சாறு, தொண்டை வரைக்கும். அவர் எழுதினது எழுதினபடியே இருந்தது! ஒரு எழுத்துப் பிழை இல்லை. எத்தனையோ பேர் நாக்கை இரவல் வாங்கி எழுதியது அத்தனையும் சரி. இத்தனை மாதத்தில் பாலும் ரொட்டியும் தவிர எதையும் அறியாத அந்த வாய்க்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் மிளகாய் வந்தது.

கமா நாற்காலியோடு சாய்ந்தார். காதிலிருந்து புகை வராததுதான் பாக்கி. அடுத்த நிமிஷம் சாலையைக் கடந்து, வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்க, எடிட்டர் அம்மா ஓடிவந்தார். கண்ணாடி ஒரு பக்கம் விழுந்தது. சால்வையை உருவிக் கமாவின் முகத்தைத் துடைத்தார். "ஐயோ, என்னாச்சு கமா சார்! பால், பால் எங்க?"

கமா பையைக் காட்டினார். அந்த அம்மா பிளாஸ்க்கைத் திறந்து, ரொட்டியைத் தன் கையாலேயே நனைத்து ஊட்டினார். அந்தக் கரிசனத்தில் கமா உடைந்துபோனார்.

"மேடம், என்னை மன்னிச்சிடுங்க. நான் எந்தக் கடைக்கும் போனதில்ல. ரயில்ல வர்றவங்ககிட்டக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன். ஒரு வாய் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஆனா சத்தியமா ஓசியில சாப்பிட்டது நான் இல்ல."

எடிட்டர் அம்மா ரொட்டியை மேசையில் வைத்தார். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று.

"அப்ப நான் கத்திரிச்சு வச்சுப் படிச்சதெல்லாம் கேட்டு எழுதினதா? ஊரார் சாப்பிட்டதை நான் சாப்பிட்டேன்னு சொல்லிக்கறது எவ்வளவு பெரிய தப்பு? மத்தவங்க உழைப்புல பேர் வாங்கலாமா? மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா?" குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கண் மட்டும் ஏனோ அடுப்பங்கரைப் பக்கமே போய்ப் போய் வந்தது. "கிளம்புங்க முதல்ல. முதலாளிகிட்ட என்ன சொல்றதுன்னு ரயில்ல யோசிக்கலாம்."

கமா தலையைக் குனிந்துகொண்டு எழுந்தார். வேலை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டார்.

அதற்குள் பரிமாறும் பெண் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தாள்.

"அட, நீங்களா மேடம்! கண்ணாடி போட்டிருந்ததுல அடையாளமே தெரியல. 'நாடோடி நாக்கு' எழுதறவங்க வந்துட்டாங்கன்னு உள்ள சொல்லிட்டேன், எப்பவும் போல உங்க பார்சல் கட்டிட்டிருக்காங்க. உங்களுக்குத்தான் பில் கிடையாது, கூட வந்த இந்த சாருக்கு மட்டும் போட்டுடவா?"