கடைசி பஸ் வாங்கிய கருங்கோழிகள்

கோயமுத்தூர் ஜில்லாவில் எந்தப் பொருளின் விலை எப்போது விழும் என்று துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும் ஒரே மனிதர் எங்கள் கணபதி ஏரியாவில்தான் இருக்கிறார். என்ன, அது அவருக்கே தெரியாது. டிவியில் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து சந்தை நிலவரம் சொல்கிறவர்கள் அவரோடு ஒரு மாதம் சுற்றினால் உருப்படுவார்கள்.

பெயர் கடைசி பஸ். பெற்றவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். அது ரேஷன் கார்டுக்கு மட்டும் உதவுகிறது. தொழில், மோட்டாருக்குக் காயில் கட்டுவது. கருகிப்போன மோட்டாரைக் கொண்டுபோய்ப் போட்டால், செம்புக் கம்பியைச் சுற்றி உயிர் கொடுத்துவிடுவார். கையில் அத்தனை புத்தி. அது முழங்கைக்கு மேலே ஏறவே இல்லை.

எது விலை ஏறினாலும், ஊரே வாங்கி முடித்த பிறகு மூச்சு வாங்க ஓடி வந்து படிக்கட்டில் தொற்றுவார். அடுத்த வளைவில் வண்டி பள்ளத்தில் இறங்கிவிடும். தொண்டாமுத்தூரில் குத்தகைத் தோட்டம் பிடித்து வெனிலா நட்டார். கொடி பூப்பதற்குள் விலை படுத்துவிட்டது. விமான நிலையம் பெரிதாகப் போகிறது என்று அவிநாசி பக்கம் சைட் வாங்கினார். அடுத்த மாதம் சைட் போட்டவர் போர்டைக்கூட விடாமல் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பொள்ளாச்சிக்குப் போய்க் கொப்பரை வாங்கி அடுக்கினார். இரண்டு வருஷம் அவர் வீட்டில் தலைக்கு எண்ணெய் கடையில் வாங்கவில்லை. அது ஒன்றுதான் லாபம்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். அதிலும் ஐந்தாவது சந்தேகம். வாடகை லேத்து ஒன்றில் ஆரம்பித்து, இன்று என் பட்டறையில் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஊருக்குள் கருங்கோழி வந்தது. தோல் கருப்பு, கறி கருப்பு, எலும்பும் கருப்பு. சர்க்கரை, பிரஷர், மூட்டு வலி, பங்காளிச் சண்டை எல்லாம் தீரும் என்றார்கள். ஜோடி விலை வாரா வாரம் ஏறியது.

முதலில் நான் புத்திசாலியாகத்தான் இருந்தேன். கோழியைத் தொடவில்லை, குஞ்சு பொரிக்கிற மிஷின் செய்து விற்றேன். பழைய பிரிட்ஜ், நாலு பல்பு, ஒரு ஃபேன், முடிந்தது. வயரிங் வேலை கடைசி பஸ்ஸுக்கு. முட்டை வாங்கியவன் குஞ்சு பொரித்து அடுத்தவனுக்கு விற்றான். அடுத்தவன் அதை வளர்த்து, முட்டையை அதற்கடுத்தவனுக்கு விற்றான். இதை யார் தின்னப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆம்லெட் போடுவது கொலைக்குற்றத்துக்குச் சமம். கோழிக்குக் கேமரா வைத்தார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரத்துக்குப் பதில் ஒரு ஜோடி கொடுத்தார்கள். போட்டோவில் கோழிகள் நடுவில், பெண் ஓரத்தில். தொண்டாமுத்தூரில் யானை ஒன்று ஷெட்டைத் தள்ளிவிட்டு, பின்னால் இருந்த வாழையைத் தின்றுவிட்டு, கோழியைத் திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குப் போனது. ஜில்லாவில் கருங்கோழிக்கு விலை விசாரிக்காத ஜீவன் அது ஒன்றுதான்.

என்னிடம் மிஷின் வாங்கியவனெல்லாம் எனக்கு முன்னால் கார் மாற்றினான். அது எனக்குப் பொறுக்கவில்லை. பட்டறைப் பத்திரத்தைப் பேங்கில் வைத்து, ஷெட் போட்டு, இருநூறு ஜோடி இறக்கினேன்.

அப்போதுதான் ஒரு நாள் காலை பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே கடைசி பஸ் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க மொதலாளி, நானும் ஒரு பத்து ஜோடி வாங்கலாமுன்னு இருக்கறனுங்க."

பேக்கரிக்காரர் வீட்டுப் பின்னால் முப்பது ஜோடி இருந்தது. மனிதர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"அண்ணா, உங்க கால்ல வேணா உழுகறனுங்க. வாங்கிப்போடாதீங்க. டீ, பப்ஸு, தேங்கா பன்னு, எது வேணுமோ தின்னுங்க. காசே வேண்டாமுங்க."

"நான் வாங்குனா என்னாயிருமுங்க?"

"உங்குளுக்கு ஒண்ணும் ஆகாதுங்ணா. எங்குளுக்குத்தான் ஆகும்."

அன்றிலிருந்து கடைசி பஸ்ஸுக்குத் தினமும் இரண்டு பப்ஸ் இலவசம். நானும் என் பங்குக்கு வயரிங் வேலையை அள்ளிக் கொடுத்து அவரை நிமிரவிடாமல் பார்த்துக்கொண்டேன். அவருக்குத் தொப்பை போட்டது. கோழி விலை ஏறியது. ஊர் செழித்தது.

பிறகு ஒரு வாரம் போன் வரவில்லை. வாங்குவதாகச் சொன்னவர்கள் எல்லாம் "அடுத்த வாரம் வாரனுங்க" என்றார்கள். பொள்ளாச்சி வியாபாரி ஒருவரைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கேட்டார்: "நல்ல நேரத்துல கூப்புட்டீங்க. எங்கிட்ட நானூறு ஜோடி கெடக்குது. வாங்கறதுக்கு உங்குளுக்குத் தெரிஞ்ச ஆளு இருக்குதுங்களா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாங்கக்கூடியவன் எல்லாம் வாங்கியாகிவிட்டது. இனி இருப்பவன் எல்லாம் விற்கிறவன். பேங்கிலிருந்து கடிதாசியும் வந்துவிட்டது. பத்திரத்தை மீட்காவிட்டால் பட்டறை போகும். பட்டறை போனால் பதினெட்டுக் குடும்பம் தெருவுக்கு வரும். அதற்கு முன்னால் நான் வருவேன்.

கருங்கோழி வாங்காத மனிதர் ஜில்லாவில் ஒருவர்தான் பாக்கி. அவரையும் நாங்களேதான் பப்ஸ் போட்டுப் பத்திரப்படுத்தி வைத்திருந்தோம்.

அவர் வீட்டுக்குப் போனேன். நல்ல மழை. ஓட்டுக் கூரை ஒழுகி, நடு வீட்டில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். சொட்டாத இடமாகப் பார்த்து எனக்கு நாற்காலி போட்டார். என் இருநூறு ஜோடியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"அன்னைக்கு எல்லாரும் வேண்டாமுன்னீங்களேங்க?"

"அன்னைக்கு வெல ஜாஸ்திங்க. உங்குளுக்காகத்தான் எறங்கட்டும்னு இருந்தேன்" என்றேன். என் ஆயுசில் சொன்ன பொய்களில் அதுதான் முதல் தரம்.

அவர் சம்சாரம் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தது. "அது கூரை மாத்தறதுக்கு வெச்ச பணமுங்க."

கடைசி பஸ் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இருக்கட்டும் உடு அம்மணி. கோழிய வித்து மாடியே கட்டிப்போடலாம்" என்றார். இருநூறு ஜோடியையும் வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தோடு மிஷின் விற்ற காசையும் சேர்த்து மறுநாளே பத்திரத்தை மீட்டேன்.

பத்தே நாளில் கருங்கோழி, பிராய்லர் விலைக்கு வந்துவிட்டது. பேக்கரிக்காரர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "யாருங்க அவருக்கு வித்தது? எந்தப் படுபாவிங்க அவன்?" நானும் பப்ஸைக் கடித்துக்கொண்டே, "யாருன்னு தெரியலீங்களே" என்று அவரோடு சேர்ந்து தலையை ஆட்டினேன்.

இரண்டு மாதம் அந்தத் தெருப்பக்கமே தலை காட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே போன் செய்து சாப்பிடக் கூப்பிட்டார். போனேன். வாளி ஒன்று மூன்றாகியிருந்தது. உள்ளே கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"வெல இருந்த வரைக்கும் இதயத் தொடவே பயமா இருந்துதுங்க. இப்பத்தானுங்க இது கோழியாச்சு" என்றார் கடைசி பஸ், சந்தோஷமாக.

அவர் சம்சாரம் இலையைப் போட்டுக்கொண்டே கேட்டது: "ஏனுங்ணா, எங்கூட்டுக்காரரு தலையில கட்டறதுக்கு இத உட்டா வேற ஒண்ணும் சிக்குலீங்களா?"

பையில் கொண்டுபோயிருந்த பணத்தை எடுத்து வைத்தேன். கடைசி பஸ் அதைத் தொடவில்லை.

"யாவாரம்னா யாவாரந்தானுங்க. எடுத்து வைங்க."

"விழப்போகுதுன்னு தெரிஞ்சேதான் வாங்குனீங்களா?"

"இல்லீங்க. நெசமா ஏறும்னுதான் நெனச்சேன்." என் இலையில் குழம்பை ஊற்றினார். "ஆனா உங்க மொகத்தையும் பாத்தனுங்க. அதுக்கு மேல வேண்டாமுன்னு எப்படிங்க சொல்றது?"

நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவன் நான். இந்தக் கணக்கு எனக்கு அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை.

பணம் வாங்காவிட்டால் போகட்டும். அடுத்த வாரமே பட்டறை ஆட்களோடு போய், கூரையைத் தாங்க இரும்புச் சட்டத்தில் ட்ரஸ் அடித்து, நல்ல ஷீட்டாகப் பார்த்து, அவர் வீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுத்தேன். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. என் பட்டறை வேலை என்றால் அப்படித்தான் இருக்கும்.

இப்போது ஞாயிறு மத்தியானம் எனக்கு அங்கேதான் சாப்பாடு. கோழிகள் முற்றிப் போய்விட்டன. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் வேகாது. செருப்பைக் கடிப்பது போல் இருக்கும். என் பல் செட் இரண்டு தடவை இலையில் விழுந்திருக்கிறது. "இன்னொரு கரண்டி போடட்டுங்களா?" என்று அவர் கேட்கிறபோது, இதுவரை ஒரு தடவைகூட வேண்டாம் என்று நான் சொன்னதில்லை.